கரைக்குப் போகிற பை

என் அக்கா புருஷனை உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. நாற்காலி போட்டால் அதன் நுனியில் தொற்றிக்கொள்வார். சாப்பாட்டில் நாம் முதல் வாய் வைப்பதற்குள் அவர் கை கழுவப் போயிருப்பார். சினிமாவுக்குக் கூட்டிப்போனால் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்துபோய் காரைத் திருப்பி நிறுத்திவிடுவார். படத்தில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதை வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். குற்றம் சொல்ல முடியாது, பார்த்த வேலை அப்படி. பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற அன்று வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, அந்தப் பதைப்பை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அவருடைய ஒரே மகள் அக்காவோடு உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பினாள். அப்பா ஓய்வாக இருக்கட்டுமாம். பேச்சுத் துணைக்குச் சித்தியும் போகட்டும் என்று எனக்கும் ஒரு டிக்கெட். பேச்சுத் துணை என்பதெல்லாம் சும்மா. சண்டை வந்தால் நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அதற்கு நான். பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். வலியில் துள்ளுகிறவர்களை உட்கார வைப்பதுதான் எனக்குத் தொழிலே. ஆனாலும் அத்தானிடம் மட்டும் என் பாச்சா பலிக்காது.

கடற்கரைக்கு என்ன எடுத்துப்போவது என்பதை மகள் போனில் ஸ்பீக்கர் போடச் சொல்லி எங்கள் மூவருக்கும் பாடம் எடுத்தாள்.

"ரெண்டு இடத்துல கடற்கரையில இறக்கி விடுவாங்கப்பா. காலைல போயிட்டு சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிடணும். அதுக்குன்னு தனியா ஒரு சின்னப் பை வெச்சுக்கோங்க. தண்ணியில இறங்கற டிரெஸ், மாத்துத் துணி, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர், தொப்பி, சன்ஸ்கிரீன், ரப்பர் செருப்பு, போனுக்குத் தண்ணி புகாத உறை. டவல் கப்பல்லயே குடுப்பாங்க, தூக்கிட்டுப் போகாதீங்க. ரூம் கார்டு மட்டும் கழுத்துலயே தொங்கட்டும். அது இல்லாம திரும்ப ஏத்த மாட்டாங்க."

அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள் சொன்ன எதையும் அவர் விடவில்லை. சின்னப் பை என்பது மட்டும் அவர் காதில் விழவில்லை.

அவர் எடுத்து வைத்தது தோளில் மாட்டுகிற ஒரு பெரிய பை. ஒரு ஆளையே மடித்து உள்ளே வைக்கலாம். மகள் சொன்னதெல்லாம் அதன் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்தது. மீதி இடம் முழுக்கக் கட்டுத்துணி, பஞ்சு, காயத்துக்குத் தடவுகிற மருந்து, குளுக்கோஸ் பொட்டலங்கள், பெரிய கத்தரிக்கோல், டார்ச், விசில், ஒரு சுருள் கயிறு, போர்வை. எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட இரண்டு மரச்சட்டங்கள் வேறு.

"அத்தான், நாம கடல்ல குளிக்கப் போறோமா, கவுந்த கப்பலைத் தூக்கப் போறோமா?" என்று கேட்டேன்.

"உனக்கு என்ன தெரியும் சின்னவளே? தண்ணின்னா விளையாட்டு இல்ல."

அந்தப் பைக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஆம்புலன்ஸில் ஒரு நோயாளியை இறக்கியதும் வண்டியைக் கழுவி, எடுத்த சாமானைத் திரும்ப நிரப்பி, வண்டியின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நிறுத்திய பிறகுதான் டீ குடிக்கப் போவார்களாம். அதே மாதிரி இந்தப் பையும் எப்போதும் நிரம்பி, மூடி, கதவருகே தயாராக இருக்க வேண்டும். கூப்பிட்ட உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். யார் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் பைத்தியம் என்று இருந்தது.

அக்காவும் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எனக்கு மட்டும் காட்டினாள். கருநீல நிறத்தில் முழுக்கை நீச்சல் உடை, முழங்காலுக்குக் கீழே வரை நீளம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கியவள், அன்றைக்கு வெட்கப்பட்டாள்.

"நல்லாருக்காடி?"

"கடல்கன்னி மாதிரி இருக்கு."

"திமிங்கலம்னு சொல்லாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றுவது மாதிரி மெதுவாக ஒரு கையை அந்த உடையிலிருந்து உருவினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாத. கப்பல்ல இருந்து இறங்கினதும் நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். அங்கயே இருந்துடலாம்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தான்?"

"அவர் இங்கயே இருக்கட்டும். அவர் கெட்டவர்னு நான் சொல்லலடி. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல, கை நீட்டினதில்ல. ஆனா அவர் எங்க இருக்காரு சொல்லு? வேலையில இருந்தப்போ சரி, யாரோ சாகக் கிடக்கறாங்க, ஓடறாரு. எனக்கு வந்த வலியெல்லாம் நான் தனியாத்தான் பட்டேன். பொண்ணு பொறந்தப்போ அதே ஆஸ்பத்திரியில கீழ் மாடியில இருந்தாரு, வேற யாரோ ஒருத்தியை பிரசவத்துக்கு இறக்கி விட்டுட்டு. எனக்கு அதுல கோபமே இல்ல. ஓய்வு வரட்டும்னு இருந்தேன். வந்துடுச்சு. இப்பவும் ஓடறாரு. யாருக்காக ஓடறாருன்னுதான் தெரியல."

"சொல்லிப் பாத்தியா?"

"சொல்லி வர வைக்கறதுல என்னடி இருக்கு? ரெண்டு கடற்கரை இருக்குல்ல. ஒரு நாளாவது அவரா வந்து என்கூட தண்ணியில நிக்கட்டும். நின்னா பாக்கலாம்."

அன்று முதல் எனக்கு நிம்மதி போயிற்று. அத்தானிடம் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவர் மரச்சட்டத்தை எந்தப் பக்கம் செருகலாம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

துறைமுகத்தில் பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் ஓட்டிப் பார்த்த காவலர், கத்தரிக்கோலையும் கயிறையும் எடுத்து வைத்துக்கொண்டார். "இறங்கும்போது வாங்கிக்கோங்க சார்" என்றார். அத்தானுக்கு ஒரு பல்லைப் பிடுங்கியது போல ஆகிவிட்டது. கப்பலில் ஏறியதும் எல்லாரையும் கூட்டி, ஆபத்து வந்தால் உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினார்கள். சுற்றிலும் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். அத்தான் மட்டும் பக்கத்தில் இருந்தவர்களின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். மொத்தப் பயணத்திலும் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான் என்று நினைத்தேன். தப்பு. அதைவிட அதிகமாக முதல் கடற்கரையில் மலர்ந்தது.

கப்பல் கரை வரை போகாது. ஆழத்தில் நின்றுகொள்ளும். சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குவார்கள். அத்தான் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ரப்பர் செருப்பு எங்க?" என்றாள் அக்கா.

"அதைப் போட்டா ஓட முடியாது."

"எங்க ஓடப் போறீங்க?"

அவர் முதல் ஆளாகப் படகில் ஏறினார். கரையில் குடைக்குக் கீழே மூன்று சாய்வு நாற்காலிகள் கிடைத்தன. தனக்கான நாற்காலியில் பையைப் படுக்க வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்றார். தண்ணீரில் இருந்த அத்தனை பேரையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா உடை மாற்றிக்கொண்டு வந்தாள். அந்தக் கருநீல உடையில், தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நிஜமாகவே அழகாக இருந்தாள்.

"வாங்களேன், கால் நனைச்சுட்டு வரலாம்."

"ஒரு நிமிஷம் இரு, வரேன்."

அந்த ஒரு நிமிஷத்தில், தடித்த ஆள் ஒருவர் கிளிஞ்சலை மிதித்துவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தார். அத்தானுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஓடிப்போய் அவரை உட்கார வைத்து, கழுவி, மருந்து போட்டு, கட்டினார். அந்த ஆள் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பார் போல. வெயிலில் தலைசுற்றிய ஒரு அம்மா வந்தாள், அவளுக்குக் குளுக்கோஸ். ஜெல்லி மீன் பட்டுக் கை தடித்த ஒருத்தர் வந்தார். யாரோ சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்குக்கூட மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து அனுப்பினார். எனக்கு அவரைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது, பையோடு தூக்கிக் கடலில் போட்டுவிடலாமா என்றும் இருந்தது. அக்கா அந்த உடையில் ஒரு துளி தண்ணீர் படாமல் சாயங்காலம் வரை நாற்காலியில் இருந்தாள். நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை.

கப்பலுக்குத் திரும்பியதும் அத்தான் முகம்கூடக் கழுவவில்லை. கப்பல் டாக்டரிடம் போய்ப் பேசிப் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்கி வந்து பையை நிரப்பினார். நனையாத அந்தக் கருநீல உடையையும் அழகாக மடித்து, இருந்த இடத்திலேயே செருகினார். தொப்பி, செருப்பு, சன்ஸ்கிரீன் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. இரண்டு போன்களும் தண்ணீர் புகாத உறையோடு உள்ளே போயின. பையை மூடிக் கதவருகே வைத்தார்.

"இன்னிக்கு நல்ல நாள், இல்ல?" என்றார் அக்காவிடம்.

"உங்களுக்கு நல்ல நாள்தான்," என்றாள் அக்கா.

அவருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. நான் வெளியே வந்து கப்பலின் நீளத்துக்கும் நடந்தேன், திரும்பி நடந்தேன். அத்தானுடைய வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது கடற்கரை, அதுதான் கடைசி. அன்று காலை நான் எதிர் அறையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் டிங் டிங் என்று மணி அடித்து, கரைக்குப் போகிறவர்கள் கீழ்த்தளத்துக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு முடியவில்லை, எதிர்க் கதவு படாரென்று திறக்கும் சத்தமும் தடதடவென்று ஓடும் சத்தமும் கேட்டன. நான் வெளியே வந்து பார்ப்பதற்குள் நடைவழி காலியாக இருந்தது. அறைக் கதவு திறந்தபடியே ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே அக்கா குளியலறை வாசலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "என் டிரெஸ் எங்கடி?"

கதவருகே பை இல்லை. அத்தானும் இல்லை. அக்காவின் செருப்பு, தொப்பி, போன், உடை எல்லாமே அந்தப் பையில்.

"உன்னை விட்டுட்டுப் போயிட்டாரா?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஆம்புலன்ஸ் போயிடுச்சு, நோயாளி வீட்டுலயே இருக்கு!"

அக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"போதும்டி," என்றாள். "நான் முடிவு பண்ணிட்டேன்."

நான் கத்தினேன். அத்தானைத் திட்டினேன், மகளைத் திட்டினேன், மணி அடித்த புண்ணியவானைத் திட்டினேன். கீழே ஓடிப்போய்ப் படகை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா எதற்கும் பதற்றப்படவில்லை. பழைய பருத்தி பேன்ட்டையும் தொளதொளச் சட்டையையும் போட்டுக்கொண்டாள். என்னை இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய், இரண்டு காப்பி வாங்கி, ஆற அமரக் குடித்தாள். படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. இவ்வளவு அமைதியாக அவளை நான் பார்த்ததே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "வா, போகலாம்."

"என்ன எடுத்துக்கறது?"

"எதுவும் வேண்டாம். கார்டு கழுத்துல இருக்குல்ல? போதும்."

படகு ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "பெரிய பை வெச்சிருக்காரே, அவர் வீட்டுக்காரம்மாவா நீங்க? பாதிக் கடல்ல எழுந்து நின்னு படகைத் திருப்பச் சொல்லி ஒரே ரகளை. கரைக்குப் போனதும் இதுலயே ஏறித் திரும்பிப் போங்கன்னு சொன்னேன். நான் அந்தப் பக்கம் போறப்போ அவ இந்தப் பக்கம் வந்துட்டா என்ன பண்றதுன்னு இறங்கி நின்னுட்டாரு. ஒவ்வொரு படகு வரும்போதும் ஓடி வந்து முகத்தை முகத்தைப் பாக்கறாரு. காலைல இருந்து அங்கயே நிக்கறாரும்மா."

அங்கேயேதான் நின்றார். படகு வந்து நிற்கிற மரப்பாலத்தின் நுனியில், தோளில் பையோடு, வெயிலில். முகத்தில் ஈயாடவில்லை. அக்காவைப் பார்த்ததும் விறைத்து நின்றார். அப்புறம் மேலதிகாரியிடம் சொல்வது மாதிரி ஒப்பித்தார். "மணி அடிச்சுது. பையை எடுத்தேன். நீ பின்னாலயே வரேன்னு... வந்துட்டு இருக்கேன்னு நெனச்சேன். படகு கிளம்பினப்புறம்தான் திரும்பிப் பாத்தேன்."

அக்கா நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் பாலத்திலிருந்து மணலில் இறங்கினாள். வெறுங்காலோடு மணல் சுடச்சுட நேராகக் கடலைப் பார்த்து நடந்தாள். அத்தான் பக்கத்திலேயே ஓடினார். ஓடிக்கொண்டே பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

"செருப்பு... கால் சுடும். இந்தா தொப்பி. உன் டிரெஸ், இதோ இருக்கு பாரு, மாத்திட்டு வந்துடு. சன்ஸ்கிரீனாவது..."

அவள் எதையும் வாங்கவில்லை. உடுத்திய துணியோடு தண்ணீரில் இறங்கினாள். அலை முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. நான் கரையில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் தவித்தேன்.

அத்தான் அலை விளிம்பில் ஒரு வினாடி நின்றார். பிறகு ஷூவோடு, பையோடு, கையில் தொப்பியோடு தண்ணீருக்குள் நடந்தார். பை பாதி முங்கியது. பஞ்சும் கட்டுத்துணியும் தண்ணீர் குடித்துக் கனப்பது அவர் தோள் சாய்ந்ததிலேயே தெரிந்தது. அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. நானும் சட்டென்று பின்னாலேயே இறங்கினேன், இரண்டு பேரில் யாராவது விழுந்தால் பிடிக்கலாம் என்று. அதனால்தான் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"உன்னை விட்டுட்டு வந்துட்டேன்," என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. "உன்னை மறந்துட்டு வந்துட்டேன்."

"கல்யாணம் ஆனதுல இருந்து விட்டுட்டுத்தான் போறீங்க," என்றாள் அக்கா. "இன்னிக்குத்தான் திரும்பிப் பாத்திருக்கீங்க."

ஒரு அலை வந்து இருவரையும் அசைத்துவிட்டுப் போயிற்று.

"ஊருக்குப் போனதும் நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்," என்றாள். "கொஞ்ச நாளைக்கு இல்ல. இருக்கறதுக்கு."

அத்தான் அவளையே பார்த்தார். கோபம் வரும், கேள்வி வரும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வந்தது வேறு. ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிவிட்டது.

"நான் கொண்டு வந்து விடறேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். கப்பலில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "விட்டுட்டு?" என்றாள். "வாசல்ல இறக்கி விட்டுட்டு, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவீங்க. அவ்வளவுதானே?"

அந்த மனிதர் யோசித்து நான் பார்த்ததில்லை. அவசரத்தில் முடிவெடுத்தே பழகியவர். தண்ணீருக்குள், தோளில் அந்தச் சுமையோடு, ஒரு பதிலுக்காக அவ்வளவு நேரம் அசையாமல் நின்றார்.

"இல்ல," என்றார் கடைசியில். "வண்டியை நிறுத்திட்டு உள்ள வரேன்."

அக்கா ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாக்கலாம்," என்றாள். அடுத்த அலை வந்தபோது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அலை போன பிறகும் விடவில்லை.